அட்டையிலிருந்து திரைக்கு: நூலகர் பணியின் மாற்றமும் தமிழ்ப் பெயர்களும் – தாமல் ஊர்ப்பெயரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழிப் பட்டியலாக்கம் நூலகரின் பணிச்சுமையைக் குறைத்துவிட்டது என்னும் கருத்து பரவலாக உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என்னும் ஓர் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு நோக்கும்போது, அச்சுமை குறையவில்லை என்பதும், அது மொழி, இலக்கிய வரலாறு, கல்வெட்டியல் ஆகியவற்றைச் சார்ந்த பணியாக உருமாறியுள்ளது என்பதும் புலனாகின்றன. இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பட்டியலாக்கம், நிலைப்பெயர், ஊர்ப்பெயர், ஒருங்குறி, கோலன் பகுப்புமுறை, தாமல்.

முன்னுரை

நூலகப் பணி மாறிவருகிறது என்று கூறுங்கால் பெரும்பாலும் கருவிகளின் மாற்றமே பேசப்படுகிறது. அட்டைப் பேழைகள் அகன்று கணினித் திரைகள் வந்தன. தேதி முத்திரை இருந்த இடத்தில் பட்டைக்குறியீடு வந்தது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரையில் 2023 ஜூலை 15ஆம் நாள் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் காண்போர்க்கு இம்மாற்றம் கண்கூடு. இவை குறித்து நூலக அறிவியல் துறையினர் நிரம்ப எழுதியுள்ளனர்.

இக்கட்டுரையின் பொருள் அதனினும் வேறானது. வாசகர் கேட்ட நூலைத் தேடி எடுத்துத் தந்த நூலகர், இன்று அந்நூல் எப்பெயரால் தேடப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்பவராகிறார். வாசகர் வந்து நிற்கும்போது அவர் எதிரில் நூலகர் இருப்பதில்லை. நூலகர் என்றோ இட்டுவைத்த பெயர்தான் இருக்கிறது. அப்பெயர் பிழைபட்டால் நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். தமிழ் ஆய்வாளர்க்கு இது அயலார் துறைச் செய்தியன்று. நாளைய ஆய்வுக்குரிய தரவு இன்றைய பட்டியலில்தான் கிடைக்கவோ தொலையவோ போகிறது.

தாமல் என்னும் ஒரு சொல்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் பழைய சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் கொண்ட ஊர் தாமல். இவ்வூரைப் பற்றி ஆராய முற்படும் ஒரு மாணவர் கணினிப் பட்டியலில் ‘தாமல்’ என்று இட்டுத் தேடுவதாகக் கொள்வோம்.

முதல் இடர்ப்பாடு எழுத்திலேயே தொடங்குகிறது. ஒருங்குறியில் புள்ளி தனிக் குறியீடாக நிற்கிறது. ‘தாமல்’ என்பதன் ஈற்றில் லகரமும் அதனையடுத்துப் புள்ளியும் உள்ளன. ‘தாமலில்’ என்னும் வடிவத்தில் அப்புள்ளியின் இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடுபொறி, ‘தாமல்’ என்று கேட்டால் ‘தாமலில்’, ‘தாமலேரி’ ஆகியவற்றைக் காட்டாது. புள்ளியை நீக்கித் ‘தாமல’ என்று தேடினால் இவ்விரண்டும் கிடைக்கும். ஆனால் ‘தாமற்கு’, ‘தாமற்கோயில்’ என லகரம் றகரமாகத் திரிந்த வடிவங்கள் அப்போதும் அகப்படா. உருபு ஏற்பினும் புணரினும் சொல்லின் ஈறு திரியும் என்பது எழுத்ததிகாரம் பயின்றார் அனைவரும் அறிந்ததே. அதனை அறியாத பொறி ஒன்றிடம் நம் நூல்களை ஒப்படைத்திருக்கிறோம். சொல்லின் அடிவடிவத்தைத் தனியே பதிந்து வைப்பவர் ஒருவர் இல்லையேல் இந்த இடைவெளி நிரம்பாது. அவர் நூலகரே.

இரண்டாவது, பிறமொழி எழுத்துப்பெயர்ப்பு. ஆங்கில அறிக்கைகளிலும் ஆவணங்களிலும் இவ்வூர்ப்பெயர் அம்மொழி நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தில் தொடங்கியும் இருபதாம் எழுத்தில் தொடங்கியும் காணப்படுகிறது. ஆங்கில அகரவரிசையில் இவ்விரண்டுக்கும் இடையே பதினைந்து எழுத்துகளின் தொலைவு. பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் தமிழ் நூல்களும் நெடுங்காலம் உரோமன் எழுத்திலேயே பதியப்பட்டமையால் இச்சிதறல் தமிழ் நூல்களையும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவது, வரலாற்று வடிவம். தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றாகத் தாமர்க் கோட்டம் சோழர்காலக் கல்வெட்டுகளில் வழங்குகிறது. அக்கோட்டத்துத் தாமர் நாடும் அவ்வாறே. தாமல் என்னும் இன்றைய பெயர் அத்தாமரோடு தொடர்புடையது என்று கொள்வர். ஆக, இவ்வூர் வரலாற்றுக்குரிய முதன்மைச் சான்றுகள் ‘தாமல்’ என்ற சொல் ஒரு முறையேனும் வாராத நூல்களில் இருக்கக்கூடும்.

நான்காவதாக, ஊர் அடங்கிய மாவட்டத்தின் பெயர். சார்லசு சுடூவர்ட்டு குரோல் தொகுத்து 1879இல் வெளிவந்த செங்கற்பட்டு மாவட்டக் கையேடு காஞ்சிபுரத்தையும் அதன் சுற்றூர்களையும் உள்ளடக்கியது. செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரு மாவட்டங்களாகப் பிரிந்தது. பின்னர் 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. தாமல் காஞ்சிபுரத்திலேயே நின்றது. இதன் விளைவு வேடிக்கையானது. பழைய ‘செங்கற்பட்டு மாவட்டம்’ என்ற தலைப்பையும் புதிய ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்ற தலைப்பையும் ஒன்றெனக் கருதிப் பொறி இணைத்துவிட்டால், தாமலுக்கு உரிய நூல் தாமல் இல்லாத மாவட்டத்தின் கீழ்ப் போய்ச் சேரும். இரண்டையும் வேறாக்கி, இன்ன ஆண்டுவரை இப்பெயர் இவ்வெல்லையைக் குறித்தது என்று எழுதிவைத்தல் வரலாறு அறிந்தவர் செய்ய வேண்டிய பணி.

அட்டைக் காலத்து நூலகர்

இவ்விடர்ப்பாடுகள் அட்டைப் பட்டியல் காலத்தில் இல்லையா என்று வினவலாம். இருந்தன, ஆயின் நூலகர் எனும் ஆள் அவற்றைத் தம் நினைவால் தாங்கிக்கொண்டார். ‘தாமல்’ என்று கேட்டு வந்தவரிடம் ‘தாமர்க் கோட்டம் என்றும் பாருங்கள்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் ஓய்வுபெற்றபோது அவ்வறிவும் அவரோடு ஓய்வுபெற்றது என்பது வேறு.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் எங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. தமிழாய்வு நோக்கில் அவற்றினும் கருதத்தக்கவை அவருடைய கோலன் பகுப்புமுறையும் (1933) பகுப்புமுறைப் பட்டியல் விதிகளும் (1934) ஆகும். கோலன் முறையின் இலக்கிய வகுப்பில் ஓர் ஆசிரியர் தம் பிறந்த ஆண்டால் குறிக்கப்பெறுவார். ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்தவராதலின், பதினாறாம் நூற்றாண்டுக்குரிய எழுத்தோடு 64 என்ற எண் சேர்ந்து அவரைச் சுட்டும். ஆங்கில இலக்கியத்திற்கு இது எளிது. அதே விதியின்படி ஒரு சங்கப் புலவருக்கு எண் இட முனைந்த நூலகர் என் செய்திருப்பார்? அறிஞர் பலர் நூல் நூலாக எழுதியும் முடிவுறாத காலவாராய்ச்சியில், அவர் நண்பகலுக்குள் ஒரு முடிவெடுத்து நூலின் முதுகில் எண்ணை ஒட்டியாக வேண்டும். தூயி பதின்மப் பகுப்புமுறை இவ்வகையில் இளகியது. தமிழ் இலக்கியம் முழுவதையும் 894.811 என்ற எண்ணின் கீழ் அடக்கி, ஆசிரியர் காலத்தைப் பெரிதும் வற்புறுத்தாது விட்டது. எம்முறையைக் கைக்கொள்வது என்பதே ஓர் இலக்கிய வரலாற்றுத் தீர்ப்பாக அமைந்தது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

நூலகர்க்கு முன்பே இப்பணியைச் செய்தோரும் உளர். ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூல் பட்டியலும், பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரிட்டிசு அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலும் இன்றும் பயன்படுகின்றன. யாழ்ப்பாணத்து ஆர்னல்டு சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் (1886) புலவர் வரலாற்று நூலாகவே அறியப்படுகிறது. நூலகர் கண்கொண்டு நோக்கின் அது தமிழ் ஆசிரியர்களுக்கான நிலைப்பெயர்ப் பட்டியலின் முன்னோடியுமாகும். (ஒருவர்க்கு அல்லது ஓரிடத்திற்கு வழங்கும் பல பெயர்களுள் பட்டியலுக்கெனத் தேர்ந்து நிறுத்தப்படும் பெயரை இக்கட்டுரை ‘நிலைப்பெயர்’ என்று குறிக்கிறது. ஏனையவை அதனைக் ‘காண்க’ என்று சுட்டும்.)

ஆட்பெயர்

தமிழர் பெயரில் குடும்பப்பெயர் இல்லை என்பதை ஏற்கும் விதிகள் அனைத்துலக அளவில் உருவானமை ஆறுதலான செய்தி. ரங்கநாதன் இயற்பெயரை முன்னும் தலைப்பெழுத்துகளைப் பின்னும் வைத்தார். 1978இல் வெளிவந்த ஆங்கில-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பும், குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரின் கீழ்ப் பதியுமாறு கூறுகிறது. எனினும் விதி கூறுவது ஒன்று, பெயர் நிற்பது ஒன்று.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். சி.என். அண்ணாதுரை என்பதில் முதலெழுத்து ஊரையும் இரண்டாமெழுத்து தந்தை பெயரையும் குறிக்கும். அம்முதலெழுத்தும் ‘காஞ்சீவரம்’ என்ற ஆங்கிலேயர் கால வடிவத்தின் ஆங்கில எழுத்து. தமிழில் அவர் கா.ந. அண்ணாதுரை ஆகிறார், அறிஞர் அண்ணா, பேரறிஞர் அண்ணா என்றும் நூல்களின் முகப்பில் நிற்கிறார், சௌமியன், பரதன் என்னும் புனைபெயர்களிலும் எழுதியுள்ளார். இத்தனை பெயர்களையும் ஓராசிரியர் என்று நாம் அறிவோம். பொறி அறியாது, அதனிடம் எவரேனும் சொல்லியிருக்க வேண்டும். அண்ணாவுக்கு அதைச் சொல்லப் பலர் உளர். ஓரிரு சிறுநூல்கள் மட்டும் எழுதி மறைந்த சிற்றூர்ப் புலவருக்கு யார் உளர்? தாமல் என்பதைத் தம் பெயருக்கு முன் கொண்ட எழுத்தாளரும் சொற்பொழிவாளரும் இன்றும் இருக்கின்றனர். அம்முன்னொட்டு பெயரின் பகுதியா, முகவரியா என்பதை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஆராய்ந்தே கூற இயலும். பெண் எழுத்தாளர் திருமணத்திற்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தோடும் பின் கணவரின் தலைப்பெழுத்தோடும் எழுதியிருப்பின் பட்டியலில் இருவராகிவிடுகின்றார். பெண்ணெழுத்து வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் இடைவெளிகளுள் ஒரு பகுதி இவ்வகையில் விளைந்ததாதல் கூடும்.

பழம்புலவர் பெயர்களில் சிக்கல் மேலும் முறுகுகிறது. புறநானூற்று 43ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தாமப்பல் கண்ணனார் என்றும் தாமற்பல் கண்ணனார் என்றும் இருவகையாக வழங்குகிறது. சோழன் நலங்கிள்ளி தம்பி மாவளத்தானோடு வட்டாடியபோது நேர்ந்த சினத்தையும் நாணத்தையும் பற்றிய துறைக்குறிப்பால் அறியப்படும் புலவர் இவர். இரண்டாம் வடிவத்தைக் கொண்டு இவர் ஊர் தாமல் என்று துணிவாரும் உளர். இப்போது நூலகர் முன்னுள்ள வினா இது: தாமல் என்ற இடத்தலைப்பின் கீழ் இப்புலவரைச் சேர்ப்பதா, வேண்டாவா? சேர்த்தால் ஐயத்திற்குரிய ஒரு கருத்தை உண்மையென நிலைநாட்டியதாகும்; விடுத்தால் தாமலை ஆராய்பவர் அக்கருத்து இருப்பதையே அறியாமற் போவார். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் இடும் பதிப்பாசிரியரின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியாக இல்லை. பட்டியலில் அடிக்குறிப்புக்கு இடம் மட்டும் இல்லாதிருந்தது; புதிய பதிவமைப்புகளில் அவ்விடமும் உண்டு.

எழுத்துருவும் அகரவரிசையும்

தமிழ்த் தரவு கணினிக்குள் புகுந்த வரலாறு நேர்க்கோட்டில் அமையவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீட்டுமுறைகளை ஏற்றது. இணையத்தில் திஸ்கி வழங்கியது. அச்சகங்கள் தத்தம் எழுத்துருக்களைக் கையாண்டன. 2010இல்தான் அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் உழைத்துத் தட்டச்சிட்ட நூற்பட்டியல்கள் பல, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. அவற்றை மாற்றிச் சரிபார்ப்பதும் இப்போது நூலகர் தலையில் விழுந்துள்ளது.

ஒருங்குறி வந்தபின்னும் அகரவரிசை தானே அமைந்துவிடவில்லை. குறியீட்டு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே வருகிறது. வரிசைமுறையைத் தனியே அமைக்காத மென்பொருள் ஆக்கித் தரும் ஆசிரியர் அகராதி, பள்ளிப்பிள்ளையும் குறை காணும்படி இருக்கும். வாசகர் இதனைப் புறக்கணித்துவிடுவர், நூலகர் இயலாது.

பழநூல்களை மின்னுருவாக்கி ஒளிவழி எழுத்துணரி கொண்டு படிக்கச் செய்யும் முயற்சிகள் வரவேற்கத்தக்கன. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய மின்நூலகம் ஆய்வாளர்க்குச் செய்துவரும் உதவியைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணா, றா, னா வடிவங்களையும், கொம்பு மேலெழுந்த ணை, லை, ளை, னை வடிவங்களையும், சொற்பிரிப்பின்றி ஓடும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சையும் பொறி தடுமாறியே படிக்கிறது. முழுப்பாடத் தேடல் வந்துவிட்டதால் பட்டியல் வேண்டுவதில்லை என்னும் வாதம் இவ்விடத்தில் நில்லாது. பொறி சரியாகப் படித்துவிட்டதாகவே கொண்டாலும், ‘தாமர்க் கோட்டம்’ என்று படித்ததைத் ‘தாமல்’ என்று தேடியவர்க்கு அது காட்டப்போவதில்லை.

ஊர்ப்புற நூலகர்

சென்னைப் பொதுநூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சொத்துவரியோடு திரட்டப்படும் நூலக வரி ஆகியவை அதன் பயன். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்ற அடுக்கு அவ்வாறு உருவாயிற்று. 2006 முதல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் வழி ஊராட்சிகளிலும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. கட்டடம் எழுப்பிய வேகத்தில் ஆளை அமர்த்தவில்லை என்பதே அத்திட்டத்தைப் பற்றிய என் மதிப்பீடு.

இவ்வடுக்கின் கீழ்நிலையில் பணிபுரிவோர் பெரும்பாலும் தனியொருவர். கதவு திறப்பது முதல் நாளிதழ் விரிப்பது, உறுப்பினர் சேர்ப்பது, போட்டித் தேர்வு மாணவர்க்கு இடம் ஒழுங்குசெய்வது, இணையவழி விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்க்கு உதவுவது வரை அவர் பணி. அவரிடம் போய் நிலைப்பெயர் குறித்துப் பேசுவது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் தாமலுக்கும் சுற்றூர்களுக்கும் உரிய அறிவு அவரிடமும் அவருடைய வாசகரிடமும்தான் இருக்கிறது. ஏரியின் மதகுகளுக்கும் கால்வாய்களுக்கும் ஊரார் வழங்கும் பெயர், கோயில் திருவிழா அழைப்பிதழ், நெசவாளர் கூட்டுறவுச் சங்க மலர் ஆகியவை மைய நூலகத்தின் கைக்கு வருவதில்லை.

நெசவுச் சொல் ஒன்றைக் காட்டலாம். காஞ்சிப் பட்டில் சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறப் பாவில், மூன்று நாடாக்கள் கொண்டு பிணைத்து நெய்யும் முறைக்குக் கோர்வை என்று பெயர். இசையிலும் நாட்டியத்திலும் கோர்வை என்பது தாளக் கட்டமைப்பு ஒன்றின் பெயர். பொது வழக்கில் தொடர்ச்சி என்னும் பொருளும் உண்டு. ‘கோர்வை’ என்ற பொருள்தலைப்பைப் பட்டியலில் ஏற்றுமுன் இம்மூன்றையும் பிரித்துக் குறிக்க வேண்டும். நகரத்து மேசையில் ஆங்கிலப் பொருள்தலைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு இதனைச் செய்ய முனைபவர் கைத்தறி என்ற பொதுத்தலைப்போடு நின்றுவிடுவார். தறியருகே வளர்ந்த ஊர்ப்புற நூலகர் ஐயமின்றிப் பிரிப்பார். அவர் பிரித்ததைப் பதிந்துகொள்ளும் கட்டம் மையப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தமிழிலேயே உண்டு. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபின், இழப்பின் நினைவோடு ஈழத்து ஆவணங்களைத் திரட்டுவோர் பலர் தோன்றினர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத்தளம் நூல்களை மின்னுருவாக்கியதோடு அமையாமல், ஆளுமைகளுக்கெனத் தனிப் பக்கங்களை அமைத்துப் பெயர், பெற்றோர், ஊர், பிறப்பு ஆகியவற்றைப் பதிந்து, அவர்தம் நூல்களையும் இதழ்களையும் அப்பக்கங்களோடு இணைக்கிறது. நிலைப்பெயர்ப் பணியின் தமிழ் வடிவம் அது. பயிற்சி பெற்ற நூலகரும் ஊர் அறிந்த தன்னார்வலரும் கூடிச் செய்தமையால் அது இயன்றது. தமிழகத்திலோ மின்னுருவாக்கத்தில் பக்க எண்ணிக்கைக்குத் தரும் முதன்மையைப் பெயர்ப் பதிவுக்கு நாம் தரவில்லை. பதிவிடுவோர் ஒப்பந்தக் கணக்கில் விரைந்து செல்ல வேண்டியவர்களாக இருக்கும்போது, தாமப்பலா தாமற்பலா என்று நின்று எண்ண அவர்க்கு நேரம் ஏது? இதில் அவர் குற்றம் ஏதுமில்லை.

ஒரு மாதிரிப் பதிவு

தமிழ்த்துறைகளின் ஆய்வேடுகளில் ஊர்ப்பெயர் ஆய்வு நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. அவ்வாய்வேடுகளின் பின்னிணைப்பில் உறங்கும் பெயர்ப் பட்டியல்களை நூலகப் பதிவுகளாக மாற்றுவது பெருஞ்செலவு வேண்டாத பணி. தாமலுக்கு அத்தகைய பதிவு எவ்வாறு அமையலாம் என்பதை இவ்வாறு காட்டலாம்.

நிலைப்பெயர்: தாமல். அடிவடிவங்கள்: தாமல், தாமல-, தாமற்-. ஆங்கில வடிவங்கள்: நான்காம் எழுத்தில் தொடங்குவதும் இருபதாம் எழுத்தில் தொடங்குவதும், அவ்வவ் ஆவணத்தில் உள்ளவாறே. தொடர்புடைய வரலாற்றுப் பெயர்கள்: தாமர் நாடு, தாமர்க் கோட்டம்; இவை ஊரினும் பரந்த நிலப்பகுதியைக் குறிப்பன ஆதலின் ‘மேலும் காண்க’ என்று மட்டும் இணைக்கப்படும், ஒன்றாக்கப்படா. மாவட்டம்: 1997க்கு முன் செங்கற்பட்டு, செங்கை எம்.ஜி.ஆர்.; அதன்பின் காஞ்சிபுரம். 2019இல் அமைந்த செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைக்கற்க என்ற எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். ஊரோடு தொடர்புடையோர் என்ற கட்டத்தில் தாமப்பல் கண்ணனார் பெயர், தாமற்பல் என்னும் பாடத்தோடும், இக்கருத்தைக் கூறிய உரையாசிரியர் பெயரோடும், ஒரு வினாக்குறியோடும் நிற்கும்.